உன் கையில் என்ன இருந்தது?

மகனே,

பண்டாரவளைக்குப் போன நாளிலிருந்து நீ எழுதுகிற கடிதங்களில் குளிரும், சமையல்காரன் பருப்பில் அள்ளிக் கொட்டுகிற உப்பும்தான் இருக்கின்றன. சுகம் விசாரித்தேன், சுகம் என்று பதில் வந்துவிட்டது. ஆகவே இந்த முறை சுகம் விசாரிக்கப் போவதில்லை. எனக்கு வேறொரு விசாரணை இருக்கிறது. அதை வீட்டுக் கடிதத்தில் கேட்டால் அந்த ஒரு பந்தியை மட்டும் கண்ணில் படாததுபோல விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுதுவாய் என்று தெரியும். அதனால்தான் வாரப் பத்திரிகையில் எனக்குக் கொடுத்திருக்கும் பக்கத்திலேயே எழுதுகிறேன். ஆசிரியரிடம் கேட்டேன். “பேர் போடாமல் எழுதுங்கோ ரீச்சர், பக்கம் உங்கட பக்கம்தானே” என்றார். வெள்ளவத்தையில் பாதிப்பேருக்கு யார் என்று தெரிந்துவிடும். தெரியட்டும். உனக்குக் கோபம் வந்தால் அந்தக் கோபத்திலாவது நாலு வரி எழுதுவாய் அல்லவா.

இந்தப் பக்கத்துக்குப் ‘புதிய கைகள்’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். கதையோ கவிதையோ எழுதத் தொடங்கி, ஒன்றிரண்டு அச்சிலும் வந்துவிட்ட இளம் ஆட்களைத் தேடிப்போய்ப் பேசி, பேசியதை எழுதுவது என் வேலை. பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிற எனக்கு ஒரு கதைகூட எழுத வராது. முயன்று பார்த்திருக்கிறேன். என் கதைகளில் வருகிறவர்கள் இரண்டாம் பக்கத்திலேயே ஒருவருக்கொருவர் புத்தி சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் மற்றவர்களுக்கு அது எப்படி வருகிறது என்று அறிய எனக்கு இருக்கிற ஆவல் கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்து வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்று மூக்கை நீட்டுகிற அதே குணம்தான். பத்திரிகையில் செய்தால் அதற்கு இலக்கியச் சேவை என்று பெயர். சனிக்கிழமைகளில் அப்பாவின் பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு நான் படியிறங்கும்போது அவர் கதிரையில் சாய்ந்தபடி உன்னைக் கேட்பார்: “உங்கட அம்மான்ர விசாரணைக் கொமிஷன் இண்டைக்கு ஆரின்ர வீட்டில?” நீ சிரிப்பாய். நான் நனைந்து திரும்பி வந்து குடையை வாசலில் உதறினால் உள்ளேயிருந்து அவர் குரல் வரும்: “விரிச்சு வையும். மடிச்சு வைச்சால் காயாது, கம்பி கறள் பிடிச்சிடும்.” கலியாணம் முடித்த நாள் முதல் மழை பெய்த ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாத சங்கதி என்று அவர் நினைத்துக்கொண்டதே இல்லை. அது அவருக்கு ஒரு பழக்கம், எனக்கும்தான்.

தொடக்கத்தில் என் பக்கம் படு தோல்வி. உனக்கு நினைவிருக்கும், நீதான் முதல் வாசகன். உங்கள் படைப்பின் ஊற்றுக்கண் எது என்று கேட்பேன். கேள்வி அப்படி இருந்தால் பதிலும் அப்படித்தான் வரும். ஒருவர் நிலவு என்றார், மற்றவர் நிலவும் கடலும் என்றார், மூன்றாமவர் இயற்கை அன்னையின் மடி என்றார். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “மூண்டு பேரும் ஒரே ஆள் மாதிரிக் கிடக்கு ரீச்சர். இந்த இருட்டடிப்புக் காலத்தில நிலவு வடிவாய்த்தான் தெரியுது, இல்லையெண்டு சொல்லேல்லை. எண்டாலும்...” யுத்தம் தொடங்கியதிலிருந்து கடதாசிக்கு அப்படியொரு தட்டுப்பாடு. இருக்கிற துண்டுத்தாளில் மூன்று நிலவுக்கு இடம் கொடுப்பது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

என்னைக் காப்பாற்றியவன் கொட்டாஞ்சேனைச் சவரி. துறைமுகத்தில் கப்பலுக்குப் போகிற பெட்டிகளை எண்ணிக் குறியிடுகிற கிளாக்கர். அவனுடைய முதல் கதை நம் பத்திரிகையில் வந்து நாலு பேர் நல்லது சொல்லியிருந்தார்கள். கோவிலுக்குப் பின்புறத்து ஒழுங்கையில் வீடு. அவனுடைய அம்மா பிளேன்டீயும் சீனியும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரமாக நின்றாள். நான் ஊற்றுக்கண்ணைப் பற்றிக் கேட்டதும் பையன் கோப்பையைக் கீழே வைத்தான். கூரையைப் பார்த்தான், தன் கால்விரலைப் பார்த்தான். அவன் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், பேச்சை எங்காவது தொடக்கினால் போதும் என்று கேட்டேன்: “சரி, அதை விடும். முதல் வரி வந்தபோது உம்முடைய கையில் என்ன இருந்தது?”

“கையிலயா? சோக்கட்டி டீச்சர், பெட்டியில குறி போடுறது” என்றான் உடனே. பிறகு நிறுத்த முடியவில்லை. “தொரை என்னைய நிக்க வச்சு ஏசிக்கிட்டு இருந்தாரு. எண்ணிக்கை பிழைச்சுப் போச்சுன்னு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறேன், அந்த நேரம் பாத்து வரி வருது. நல்ல வரி. எனக்குச் சிரிப்பு வந்திரிச்சு. தன்னைப் பாத்துத்தான் சிரிக்கிறேன்னு அவரு இன்னும் கத்துறாரு. அவரு திரும்பினதும், மறந்திருவேன்னு பயத்தில முன்னால கிடந்த தேயிலைப் பெட்டியிலயே எழுதிட்டேன். பெட்டி கப்பல்ல ஏறிப் போயிரிச்சு.” அந்த வரியை அவன் வீட்டுக்கு வந்து திரும்ப எழுதப் பார்த்தானாம். ஒரு சொல்லை மாற்றினாலும் அது வேறு வரியாகிவிட்டதாம். அப்படியே வரும்வரை நாலைந்து நாள் காத்திருந்தானாம். சீமையில் யாரோ ஒருவர் காலையில் தேயிலைப் பெட்டியை உடைத்து, தமிழில் ஒரு வரியைப் பார்த்துத் தலையைச் சொறிந்திருப்பார் என்று நாங்கள் இருவரும் சிரித்தோம். கதவோரத்தில் நின்ற அம்மாவுக்கு, மகன் ஏச்சு வாங்கிய விஷயம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை.

அன்று முதல் என்னிடம் அந்த ஒரு கேள்விதான். எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். ஒருத்தி குழந்தையின் ஒற்றைச் சப்பாத்து என்றாள். நுகேகொடையில் ஒரு வாத்தியார் முகம் முழுக்கச் சவர்க்கார நுரையுடன் நின்றதாகச் சொன்னார். கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளில் காவலிருக்கிற ஒருவர் பாதி உரித்த வாழைப்பழம் என்றார். பேனா என்று மட்டும் இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு இது அதிசயமாக இருக்கிறது. எழுத உட்கார்ந்திருக்கிற நேரத்தில் அது வருவதில்லை. நாம் வேறு எதையோ பிடித்துக்கொண்டிருக்கும்போது, அதுவும் அநேகமாக வரக்கூடாத நேரத்தில், வந்து நிற்கிறது. வந்தபின் என்ன செய்வது என்பதுதான் ஆளுக்கு ஆள் வேறாக இருக்கிறது.

ஒரு பதிலை மட்டும் நான் அச்சில் போடவில்லை. பாமன்கடையில் ஒரு முஸ்லிம் இளைஞர் பெயரில் கதைகள் வந்துகொண்டிருந்தன. பெண்களுக்குள் பேசிக்கொள்வதை அப்படியே எழுதியிருப்பார், எனக்கு வியப்பாக இருந்தது. தேடிப் போனேன். அவர் முகம் சிவந்து, “நான் எழுதல்ல டீச்சர், தங்கச்சிதான் எழுதுற” என்று உள்ளே போய்விட்டார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வந்தாள், உன்னைவிட இரண்டொரு வயது குறைவாக இருக்கும். அவளிடமும் கேட்டேன்.

“கையில ஒண்டும் ஈக்கல்ல டீச்சர். எண்ட கூட்டாளிட முதுகுதான் ஈந்திச்சி” என்றாள். கூட்டாளிக்குப் பேசியிருந்த கலியாணம் குழம்பிவிட்டதாம். இவள் மடியில் விழுந்து அழுதாளாம். “நான் தடவிக்கிட்டு ஈக்க, வரி வந்திச்சி. உள்ளுக்குப் பெய்த்து எழுதிட்டு வாரத்துக்குள்ள அவ எழும்பிப் பெய்த்திட்டா. அதுக்குப் பொறகு என்னோட கதைக்கிறல்ல.”

எழுத உள்ளே போகாமல் இருந்திருக்கலாம் என்று நினைப்பதுண்டா என்று கேட்டேன்.

“நெனக்கிற டீச்சர். ஒவ்வொரு நாளும் நெனக்கிற. ஆனா அது நல்ல வரி.”

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். இரண்டும் உண்மை என்று முகத்திலேயே தெரிந்தது. வீட்டுக்கு வந்து இதை அப்பாவுக்கும் உனக்கும் சொன்னேன். நீ மட்டும், “பாவம்” என்றாய். யார் பாவம் என்று நான் கேட்கவில்லை. இப்போது அவளிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கூட்டாளி வாசித்தால் நல்லதுதான் என்றாள்.

ஊரெல்லாம் கேட்ட நான் வீட்டுக்குள் இருந்த உன்னைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன். உனக்கு எழுத்து எப்படி வருகிறது என்று வீடு முழுக்கத் தெரியும். ஒரு வரி எழுதுவாய், வெட்டுவாய், எழும்பி ரயில்பாதைவரை நடந்து கடலைப் பார்த்துவிட்டு வந்து அதே வரியை வேறு மாதிரி எழுதுவாய், திரும்பவும் வெட்டுவாய். உன் முகம் மாறுவதை வைத்தே அப்பா கண்டுபிடித்துவிடுவார். “பெடியனுக்கு ஏதோ வருகுது, சத்தம் போடாதேயும்” என்று என்னை அடக்குவார். உன் கதைகளில் ஒன்றையாவது அவர் முழுதாகப் படித்தாரா என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் நீ எழுதும்போது அம்மி அரைக்க விடமாட்டார். இன்னொன்றும் வீடு முழுக்கத் தெரியும். நடந்ததில் ஒரு நூல் பிசகினாலும் உன்னால் பொறுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் நிற்காத ரயிலை நிற்பதாக எழுதிவிட்டாய் என்று அச்சுக்குப் போன கதையை நிறுத்த அச்சகத்துக்கே ஓடினவன் நீ. ரயில் கந்தோர்க் கிளாக்கருடைய மகன் அல்லவா.

அப்பாவை நெஞ்சு வருத்தத்துக்குப் பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்த நாட்களை நீயும் மறந்திருக்கமாட்டாய். நீ கந்தோருக்கு லீவு போட்டுவிட்டுப் பகலெல்லாம் கட்டிலருகே இருந்தாய். நான் பள்ளிக்கூடம் விட்டுப் பின்னேரம் வருவேன். ஒருநாள் மிக மோசமாக இருந்தது. மத்தியானம் டாக்டர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைய இரவு தாண்டுவது கடினம் என்று சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பி எனக்கும் அறிவித்தாய். நான் பஸ்ஸால் இறங்கும்போது, பெய்ய வேண்டிய காலமே இல்லை, அப்படியொரு மழை. வார்ட்டு வாசலில் நின்று குடையை உதறினேன். நாள் முழுக்கக் கண் திறக்காதவர் அந்தச் சத்தத்துக்குத் திறந்தார். “நனைஞ்சு போனீரோ” என்றார். பிறகு, “விரிச்சு வையும்” என்றார். மடித்து வைத்தால் காயாது என்று சொல்ல மூச்சு இருக்கவில்லை. நான் கட்டில் காலடியில் விரித்து வைத்தேன். வார்ட்டு ஆள் வந்து, “நோனா, மே குடே எளியே தியன்ட” என்று முணுமுணுத்தான். குடையை வெளியே வைக்கச் சொல்கிறான் என்று தெரிந்தும் தெரியாததுபோல இருந்தேன். குடையை உதறியபோதே உன் முகத்தையும் பார்த்திருந்தேன். வாசல் பக்கம் ஒரு கணம் நிமிர்ந்த உன் பார்வை சட்டென்று கீழே போனது. சீனிப் போத்தலுக்குள் கை விட்டு அகப்பட்ட பிள்ளையின் முகம். அழுகையை மறைக்கிறாய் என்று நினைத்தேன்.

இரவில் வார்ட்டுக்குள் யாரையும் விடமாட்டார்கள்; மணியடித்ததும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீ ஆஸ்பத்திரி விறாந்தையில் கிடந்தாய். டாக்டர் சொன்னபடி நடக்கவில்லை. விடிய அப்பா எழும்பிச் சாய்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தார். இடியப்பமும் சொதியும் கேட்டார். தாடி அரிக்கிறது என்று உன்னை முகம் வழித்துவிடச் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரரிடம் என் விசாரணைக் கொமிஷனைப் பற்றிச் சொல்லி அவரை இருமும்வரை சிரிக்கவைத்தார். பிறகு ஒரு மத்தியானத்தில், நீ தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், என் முன்னால் அமைதியாகப் போய்விட்டார். நீ நிறைந்த கோப்பையோடு வந்து கட்டிலடியில் நின்றாய்.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும் என்று ஊரிலிருந்து வந்த பெரியப்பா தொடங்கினார். வந்தவர்களுக்குக் கையில் கொடுக்கிற அந்தச் சிறு புத்தகத்தில் செத்தவருடைய வமிசம், பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், உற்றார் புலம்பல் என்று ஆளாளுக்குப் பாட்டு இருக்க வேண்டும். எல்லோருக்குமாக ஒரு புலவர் அழுது கொடுப்பார். அவரிடம் அச்சு இருக்கிறது. ஊரையும் பேரையும் மாற்றினால் எந்தப் பெண்சாதியும் எந்தப் புருஷனுக்கும் அதைச் சொல்லி அழலாம். மனைவி தமிழ் படிப்பிக்கிற ரீச்சராக இருந்தாலும், உன் புலம்பலை நீயே எழுது என்று யாரும் சொல்வதில்லை. அது வழக்கமில்லை. பெரியப்பா உன்னைக் காட்டினார்: “எங்கட வீட்டிலயே எழுதிற பெடியன் இருக்கேக்க புலவரிட்ட ஏன் போவான்?” நீ மறுத்தாய். அவர் விடவில்லை. மக்கள் புலம்பலுக்கு ரயில்பாதைக்கும் வீட்டுக்குமாக நாள் முழுக்க நடந்தாய், தாள் தாளாகக் கசக்கினாய். மனைவி புலம்பலை மட்டும் உட்கார்ந்த இடத்தில், ஒரு வெட்டும் இல்லாமல், நான் வைத்த தேத்தண்ணீர் ஆறுமுன் எழுதி முடித்தாய். என் துக்கம் உனக்கு அவ்வளவு வடிவாக விளங்கியிருக்கிறது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முப்பத்தோராம் நாள் கிருத்தியத்தன்று பெண்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து வைத்துக்கொண்டு அழுதார்கள். “உங்கட வாயால வந்த மாதிரியே கிடக்கு” என்றாள் ஒருத்தி என்னிடம். உன்னைத் தேடினேன், நீ பின்வாசலால் கடற்கரைக்குப் போய்விட்டாய். அன்றிலிருந்து நீ எழுதவில்லை. புதுவருஷ மலருக்கு ஆசிரியர் கதை கேட்டு ஆள் அனுப்பினார், இல்லை என்று சொல்லிவிட்டாய். இடமாற்றம் வந்தது, சந்தோஷமாக ஒத்துக்கொண்டாய். கோட்டை ஸ்டேஷனில் ரயில் புறப்பட இருக்கும்போது கேட்டேன், அங்கே தனிமைதானே, எழுதுவாயா என்று. ஜன்னலுக்குள்ளிருந்து சொன்னாய்: “எழுத்து எனக்குச் சரிவராதம்மா. அது நல்ல மனுசர் செய்யிற வேலையில்லை.”

எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன். இப்படியொரு பதிலை எனக்கு யாரும் சொன்னதில்லை. கந்தோரில் வேலை அதிகம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். நல்ல மனுசர் செய்கிற வேலையில்லை என்றால் என்ன அர்த்தம்? என்ன கெட்ட காரியம் செய்துவிட்டாய்? வீட்டுக்கு வந்து சட்டி கழுவும்போதும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடம் ஒப்புவிக்கும்போதும் அதுதான் மண்டைக்குள் சுற்றியது. என் குணம் உனக்குத் தெரியுமே, கறியின் பெயர் தெரியும்வரை மூக்கு அடங்காது.

போன கிழமை இங்கே மழை தொடங்கிவிட்டது. அப்பாவின் குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, விறாந்தையில் விரித்து வைத்தேன். சொல்ல ஆளில்லாவிட்டாலும் கை தானாக விரித்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் புலம்பலில் குடை ஒன்று வருகிறது என்று நினைவு வந்தது. கல்வெட்டை எடுத்தேன். அன்றைக்குக் கண்ணீரில் சரியாகப் படிக்கவில்லை. இப்போது சொல் சொல்லாகப் படித்தேன்.

விரித்துவைத்த குடையினீரம் காயு முன்னே
விடைகூடச் சொல்லாமற் போன தென்ன

பிள்ளை, அந்தக் குடை காய்ந்துவிட்டது. அன்றிரவே வீட்டு விறாந்தையில் காய்ந்துவிட்டது. அடுத்த நாள் வெயிலுக்கு அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீதான் வாங்கி ஜன்னல் கம்பியில் கொழுவினாய். அப்பா போனது அதற்கும் பிறகு. ஒரு ரயில் நிற்காத நேரத்துக்காக அச்சகத்துக்கு ஓடுகிறவன், தகப்பன் செத்த கதையில் இப்படியொரு பிழையை விடுவானா? விடமாட்டாய். அப்படியென்றால் அந்த வரி அவர் செத்தபிறகு வந்ததல்ல. அவர் அந்த இரவு தாண்டமாட்டார் என்று நீ நம்பியிருந்த பின்னேரத்தில், நான் வாசலில் குடையை உதறிய அந்தக் கணத்தில் வந்திருக்கிறது. சவரியுடைய வரியைப்போல, பிறகு ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாதபடி வந்திருக்கிறது. பிழை என்று தெரிந்தும் நீ அதை அப்படியே விட்டாய்.

உன் முகம் ஏன் அப்படிக் கீழே போனது என்று இப்போது எனக்கு விளங்குகிறது. அவர் உயிரோடு கிடக்க, உன் தலைக்குள் அவருடைய புலம்பல் தொடங்கிவிட்டது. பிறகு அவர் எழும்பி உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டபோது, நீ முகம் வழித்துவிட்டபோது, அந்த இரண்டு நாளும் அது உன் தலைக்குள் இருந்தது. அதற்குப் பொருந்த அவர் போக வேண்டும் என்று நீ காத்திருந்ததுபோல உனக்குத் தோன்றியிருக்கிறது. அவர் போனார், வரி அச்சில் வந்தது, ஊர் அழுதது. நீ உன்னைக் கெட்டவன் என்று எழுதிவைத்துவிட்டுப் பண்டாரவளைக்குப் போய்விட்டாய்.

சரி, இப்போது நான் ஒன்று சொல்கிறேன், கேள். அந்தப் பின்னேரம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருக்கிற கதிரை போதாது, செத்தவீட்டுக்கு வருகிறவர்களை எங்கே இருத்துவது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்கிற வாங்குகளைக் கேட்டால் தருவார்களா, வேலிப்பக்கத்துப் பலா மரத்தடியில் போடலாமா, மழை இப்படியே பெய்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். ஆஸ்பத்திரி வந்ததுகூடத் தெரியவில்லை, கொண்டக்டர்தான் சொன்னான். அவர் உயிரோடு கிடக்கிறார், நான் அவருடைய செத்தவீட்டுக்குக் கதிரை போடுகிறேன். அவர் பிழைத்து எழும்பியபோது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காக என்னை யாரும் கெட்டவள் என்று சொல்லமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். தாங்க முடியாததை நோக்கிப் போகும்போது மனம் தனக்குத் தெரிந்த வேலையைப் பிடித்துக்கொள்கிறது. எனக்குத் தெரிந்தது வீட்டுவேலை. உனக்குத் தெரிந்தது எழுத்து. என் மனம் கதிரைக்குப் போனது, உன் மனம் வரிக்குப் போனது. இருவரும் அவரைவிட்டு எங்கேயும் போகவில்லை.

என் பக்கத்தின் கேள்வியை உன்னிடமும் கேட்கத்தான் இதைத் தொடங்கினேன். ஆனால் பதில் எனக்குத் தெரியும். முதல் வரி வந்தபோது உன் கையில் அப்பாவின் கை இருந்தது. வலது கை. நீ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் வாசலிலிருந்து பார்த்தேன். வரி வந்தது, நீ எழுதிவைக்க எழும்பவில்லை. பாமன்கடைப் பெண்ணைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, அவள் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறாள். நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். வார்ட்டு ஆள் மணியடிக்கும்வரை நீ அந்தக் கையை விடவில்லை.

உனக்குத் தெரியாத மிச்சம் ஒன்று இருக்கிறது. அடுத்த நாள் காலை, நீ குளிக்க வீட்டுக்குப் போன நேரம், அப்பா வலது கையை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். நோகிறதா என்று கேட்டேன்.

“பெடியன் நேற்று முழுக்கப் பிடிச்சுக்கொண்டிருந்தவனெல்லே. விறைச்சுப் போச்சு” என்றார்.

“இழுத்திருக்கலாமே.”

“இல்லையப்பா. நீர் குடையை உதறேக்க அவன்ர முகத்தைப் பாத்தனான். அவனுக்கு ஏதோ வருகுது. கையை இழுத்தால் கலைஞ்சுபோயிடும். அதுதான் பேசாமல் கிடந்தனான்.”

அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. மயக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று போர்வையை இழுத்து மூடிவிட்டேன். இப்போது உனக்குச் சேர வேண்டியதை உன்னிடம் சேர்த்துவிட்டேன்.

குடையைச் சாக்குத் துணியில் சுற்றித் தபாலில் போட்டிருக்கிறேன். உங்கள் பக்கம் மழை அதிகம் என்று சொல்கிறார்கள். நனைந்து வந்தால் மடித்து மூலையில் சாத்தாதே. விரித்து வை.

உன் அம்மா